குனியும் உடல்

நம் உடலை நாய்கள் எவ்வளவு தூரம் படித்து வைத்திருக்கின்றன என்ற கேள்வி சில காலமாக என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. அஜிலிட்டி என்ற விளையாட்டின் பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆரம்பித்த பிறகு வந்த சங்கடம் இது. நாயும் அதை வழிநடத்தும் ஹேண்ட்லரும் சேர்ந்து, குறித்த நேரத்துக்குள், வரிசையாக வைத்த தடைகளைக் கடந்து ஓட வேண்டும். சர்வதேச விதிப்படி ஓர் ஓட்டத்தில் 15 முதல் 22 தடைகள்: தாண்டுவதற்குக் கட்டைகள், புகுந்து வெளியேறத் துணியாலான டனல், ஏறி இறங்க ஏ-ஃபிரேம், ஒடுங்கிய பலகைப் பாலமாக டாக் வாக், சீசா, நெளிந்து நுழைந்து வர 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் 12 கம்புகள். எதன் பிறகு எது என்பதை நடுவர் ஒவ்வொரு போட்டிக்கும் புதிதாக அமைக்கிறார். தடைகளின் பக்கத்தில் எண் அட்டைகள் இருக்கும். அவை மனிதர்களுக்கு. நாய்க்கு அந்த வரிசை தெரியாது. கடைசிக் கட்டையைத் தாண்டும்வரை தெரியாது. கழுத்தில் கயிறு கிடையாது. ஹேண்ட்லர் அதைத் தொடக்கூடாது, கையில் பிஸ்கட்டோ பந்தோ வைத்திருக்கக்கூடாது. இத்தனையையும் எடுத்துவிட்ட பிறகு இருவருக்கும் நடுவில் மிஞ்சுவது ஓடுகிற ஓர் உடலும் கொஞ்சம் குரலும்தான். குரல் இரண்டாம்பட்சம் என்பது போகப் போகத்தான் எனக்கு விளங்கியது.

போட்டிக்கு முன்பு சில நிமிடங்கள் நாயில்லாமல் ஹேண்ட்லர்கள் மட்டும் களத்துக்குள் நடந்து பார்க்கலாம். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு கை நீட்டி, பக்கத்தில் இல்லாத நாயை அழைத்துக்கொண்டு, ஓரிடத்தில் நின்று திரும்பி, மறுபடி பின்னால் போய், அதே திருப்பத்தை இன்னொரு விதமாகச் செய்து பார்ப்பார்கள். கால் எங்கே விழ வேண்டும், தோள் எப்போது திரும்ப வேண்டும், எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தங்கள் உடம்புக்கே பாடம் சொல்லிக்கொள்வார்கள். நாயின் பார்வைப் பரப்பு நம்முடையதைவிட அகலம். நம்மைத் தாண்டி ஓடும்போதும் நம் தோளை அது ஓரக்கண்ணால் பிடித்து வைத்திருக்கிறது. கட்டையைத் தாண்ட எழும்பும் முன்பே எந்தப் பக்கம் இறங்குவது என்று முடிவு செய்துவிடுகிறது. ஆகவே திருப்பம் பற்றிய சேதி அதன் கால்கள் தரையில் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். எழும்பிய பிறகு கத்திப் பயனில்லை. அடையாறுப் பக்கம் ஒரு காலி மனையில், குழாய்க் கடையில் வாங்கிய பிவிசி பைப்பை அறுத்து எல்போவும் டீயும் வைத்து ஒட்டிய கட்டைகளை நட்டு, நான் பார்க்கப் போன பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஏ-ஃபிரேமும் டனலின் வாயும் அக்கம்பக்கத்தில். ஒருவர் தன் லேப்ரடாரிடம் “டனல், டனல்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓடினார். அவருடைய இடது கால்விரல் மட்டும் ஏ-ஃபிரேமைப் பார்த்திருந்தது. நாய் ஏ-ஃபிரேமில் ஏறி உச்சியில் நின்று அவரைப் பார்த்தது. போட்டியாக இருந்தால் அந்த இடத்திலேயே வெளியே அனுப்பியிருப்பார்கள். “தப்பா போயிடுச்சு மாஸ்டர்” என்றார் மூச்சு வாங்க. “அது கரெக்டாத்தான் சார் போச்சு. உங்க காலு சொன்ன எடத்துக்குப் போச்சு” என்றார் பயிற்சி கொடுப்பவர். சமாதானத்துக்காகச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். பிறகு பார்க்கப் பார்க்க, அது வெறும் தகவல் என்று தெரிந்தது. ஏட்டில் நாயின் பெயரில் ஏறுகிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரு மனிதத் தோளிலோ பாதத்திலோ தொடங்குபவை.

1978இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்தை உட்கார வைக்க ஏதாவது வேண்டும் என்று ஜான் வார்லி என்பவர் கேட்க, பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளர் அமைத்துக் கொடுத்தது இந்த விளையாட்டு. குதிரைகள் தடைதாண்டும் போட்டிதான் முன்மாதிரி. ஆனால் முன்மாதிரியை விட்டு ஒரு முக்கியமான விஷயத்தில் இது விலகிவிட்டது. குதிரையின் மேல் மனிதன் உட்கார்ந்திருக்கிறான். தொடையும் கடிவாளமும் பேசுகின்றன. நாய்க்கும் மனிதருக்கும் நடுவில் வெறும் வெளி. அந்த வெளியைக் கடந்து சேதி போவதற்கு வேறொரு பழக்கம் தேவை. ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் அது பல தலைமுறைகளாக ஊறியிருக்கிறது: எவ்வளவு தூரத்தில் ஓடினாலும் மேய்ப்பனோடு தொடர்பு அறுபடாது. உலகப் போட்டிகளில் அந்த இனமே முன்னால் நிற்பதற்கு வேகத்தைவிட இது பெரிய காரணம் என்பது என் எண்ணம். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு ஜாதி ஓட்டக்காரர்கள். முயலைக் கண்ணால் பார்த்து, யாரையும் கேட்காமல், தானே முடிவெடுத்து நேர்கோட்டில் பாயும்படி கரிசல் காட்டில் வளர்ந்தவை. பாதி ஓட்டத்தில் திரும்பி மனிதனின் முகத்தைப் பார்க்கிற சிப்பிப்பாறை முயலைக் கோட்டை விட்டிருக்கும். அதை இருபது தடைகளுக்குள் வளைத்து வளைத்து ஓடவிடுவது அதன் ரத்தத்தில் இருக்கும் ஓட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்குவது மாதிரி எனக்குப் படுகிறது. முடியாதது என்று சொல்லவில்லை. செய்து காட்டுகிற பொறுமைசாலிகள் இருப்பார்கள். தெருவில் நிற்கிற நாட்டு நாயோ இந்த இரண்டிலும் சேராது. யாரும் அதை ஒரு வேலைக்கென்று பொறுக்கி வளர்க்கவில்லை. ஆனால் மனித உடலைப் படிப்பதில் அதற்கு ஈடாக எந்த இனத்தையும் சொல்ல மாட்டேன். அந்தப் படிப்பு எங்கே நடந்தது என்று யோசிக்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

அதே மனைக்கு ஒரு பெண் தன் நாயைக் கூட்டி வருவாள். மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்துக்கு அடியில் வளர்ந்து, ஒன்றரை வயதுக்கு மேல் வீட்டுக்கு வந்த நாய். செம்பழுப்பு நிறம், அதனால் செவலை என்றே பெயர். ஒரு காதின் நுனி கருத்தடை செய்த அடையாளமாக நறுக்கப்பட்டிருக்கும். கம்புகளுக்கிடையே அது நுழைந்து வருவதைப் பார்க்க வேண்டும். முதல் கம்பு இடது தோளுக்கு வர வேண்டும் என்பது விதி. பழக்கிய நாய்களே அதில் தடுமாறும். இது உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, தோளால் கம்பைத் தட்டித் தட்டி, டக் டக்கென்று சீரான தாளத்தில் வெளியே வந்துவிடும். ஒருநாள் ஒரு கட்டையைப் பின்னங்காலால் இடறியது. பைப் கீழே விழுந்து உருண்டது. அவள் அதை எடுத்து வைக்கக் குனிந்தாள். அவ்வளவுதான். செவலை பத்தடி பின்னால் போய், வாலைத் தொடைக்குள் இழுத்து, உடம்பைத் தரையோடு தாழ்த்தி நின்றது. ஓடிவிடவில்லை. தப்பிக்கும் தூரத்தைக் கணக்கிட்டு அங்கே நின்றது. அவள் நிமிராமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையைத் தொடைமேல் விரித்து வைத்து, ஒன்றும் பேசாமல். “கூப்பிடாதம்மா. அதுவா வரட்டும்” என்றார் மாஸ்டர் தள்ளி நின்று. அது வந்தது. நேராக வரவில்லை, ஒரு பெரிய அரைவட்டம் போட்டு, அவளுடைய முதுகுப் பக்கமாக வந்து, முழங்கையை முகர்ந்தது. அந்த வீட்டில் அதன்மேல் யாரும் கை ஓங்கியதில்லை. அவள் கையால்தான் தினமும் சாப்பிடுகிறது. ஆனாலும் குனியும் உடல் என்றால் என்ன என்று இந்த ஊர் அதற்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்துவிட்டது.

தெருநாய்க்கு எதிராக நம் கையில் கல் இருக்க வேண்டும் என்பதில்லை, குனிந்தாலே போதும் என்று சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். கல்லும் நாயும் நம் பழமொழியிலேயே ஒன்றாகத்தான் வருகின்றன. ஒன்றைக் கண்டால் இன்னொன்றைக் காணோம் என்று வருத்தப்படுகிற பழமொழி. அதற்குத் தத்துவார்த்தமான பொருள்களெல்லாம் சொல்லியிருக்கிறார்கள், அவை இருக்கட்டும். நாயைக் கண்டதும் மனம் கல்லைத் தேடும் என்பதை எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டு அது பேசுகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கல்கத்தா ஐசர் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், தெருநாய்களுக்கு முன்னால் மூடிய இரண்டு கிண்ணங்களை வைத்து ஒன்றைக் கைகாட்டினார்கள். பக்கத்தில் வந்த நாய்களில் ஐந்தில் நான்கு கைகாட்டிய பக்கமே போயின. எந்தப் பயிற்சியும் இல்லாமல், முன்பின் தெரியாத ஒருவரின் கையை நம்பி. செய்தியாக இதைத்தான் எல்லோரும் எழுதினார்கள். அதே ஆய்வில் ஏறக்குறைய பாதி நாய்கள் பக்கத்திலேயே வரவில்லை. என் மனம் நிற்பது அந்தப் பாதியில். அவையும் கையைப் படித்தவைதான். வேறு பொருளில் படித்தவை. நம் ஊர்க் கைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. கம்பிச் சுருக்கோடு மாநகராட்சி ஆட்கள் வருவதும், கூண்டு வண்டி தெருமுனையில் நிற்பதும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அறுபது வயது தாண்டியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். வண்டி வந்தால் தெருவில் ஒரு நாய் இருக்காது, அந்த வண்டியின் சத்தம் அவற்றுக்குத் தெரியும் என்பார்கள். பிடித்துக்கொண்டு போய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அது நாளொன்றுக்கு நூறைத் தாண்டியிருந்தது. கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை, பிடித்துக் கருத்தடை செய்து அதே தெருவில் விடுங்கள் என்று, தியாகராய நகரில் ஒரு வீட்டிலிருந்து விமானி கேப்டன் சுந்தரத்தின் குடும்பம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு 1964 முதல் சொல்லிக்கொண்டிருந்தது. மாநகராட்சி அதைத் தென்சென்னையில் ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. முப்பத்திரண்டு வருடம். நாய் வாழ்வது பத்துப் பன்னிரண்டு வருடம். தெருவில் அதுவும் இல்லை. அந்த இடைவெளியில் எத்தனை தலைமுறை நாய்கள் நம் நடையையும் கையையும் காலையும் பார்த்துக் கற்றிருக்கும்.

இதைச் சொல்லும்போது எதிர்ப்பக்கத்தை விட்டுவிட முடியாது. குழந்தையோடு நடக்கும் தாய்க்கு நாயைக் கண்டதும் வரும் நடுக்கம் உண்மை. வெறிநாய்க்கடி உண்மை, வந்துவிட்டால் மருந்தில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியபோது இந்த ஊரே பதறியது. அவை வீட்டு நாய்கள், காசு கொடுத்து வாங்கி வளர்த்தவை. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் முதலில் ஓர் உத்தரவும் பதினொரு நாளில் அதைத் தளர்த்தி இன்னொன்றும் போட்டபோது, இங்கே காபிக் கடையிலிருந்து அடுக்குமாடிச் சங்கம்வரை எல்லோரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். இரண்டு கட்சியிலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இருவருமே நாயை ஒரே பொருளாகத்தான் பேசினார்கள்: ஆபத்து அல்லது அப்பாவி. நம்மைப் பார்த்து நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கும் உயிர் என்று யாரும் பேசியதாகக் கேட்கவில்லை. பயந்தவரின் உடல் விறைக்கிறது, மூச்சு மேலேறுகிறது, கால் பின்வாங்கவா ஓடவா என்று இழுக்கிறது. அந்த உடலை நாயும் பயத்தோடு பார்க்கிறது. அந்த இரண்டு பயங்களும் ஒரு தெருமுனையில் சந்திக்கிற அரை நொடியில் என்ன நடக்கிறது என்பதை, காலி மனையில் பைப்புகளுக்கு நடுவே மெதுவாக்கிப் பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதனால்தான் ஒரு விளையாட்டைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறேன்.

நாலடியாரில் ஒரு பாட்டு யானை போன்றவரின் நட்பைவிட நாய் போன்றவரின் நட்பு மேல் என்கிறது. யானை நன்றாகத் தெரிந்த பாகனையே கொன்றுவிடும். நாயோ தன்மேல் எறியப்பட்ட வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் என்று அது காரணம் சொல்கிறது. பள்ளியில் இதை நன்றியின் பாட்டாகப் படித்தோம். செவலையின் வாலைப் பார்த்த பிறகு என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. தாழ்ந்து, வேகமாக, நுனி மட்டும் துடிக்கும் ஒரு வாலாட்டல் உண்டு. என்னை ஒன்றும் செய்துவிடாதே என்று கேட்பது அது. பார்க்கிறவருக்கு அன்பாகத் தெரியும். வேலை எறிந்தவன் அந்த வாலைப் பார்த்துத் தன்னை மன்னித்துவிட்டதாக எண்ணி வீட்டுக்குப் போயிருப்பான். களத்திலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. ஓட்டம் கெட்டதும் ஹேண்ட்லரின் முகம் ஒரு கணம் தொங்கும், தோள் விழும். அடுத்த முறை நாய் அதே தடைக்கு வரும்போது வேகம் குறைந்திருக்கும், தரையை முகரும், கொட்டாவி விடும். சோம்பல் என்பார்கள். அது சோம்பல் இல்லை, போன முறை பார்த்த முகத்தின் நினைவு. ஆகையால் நல்ல பயிற்சியாளர்கள் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறார்கள்: தப்பாக ஓடினாலும் சரியாக ஓடியதாகவே நினைத்துக் கொண்டாடு, ட்ரீட் கொடு, விளையாடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏமாற்றத்தை நாயிடம் மறைக்க முடியுமா? மனிதரின் வியர்வையிலும் மூச்சிலும் மன அழுத்தத்தின் வாசனையை நாய்களால் பிரித்தறிய முடிகிறது என்று பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2022இல் காட்டினார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகச் சொல்லின. அப்படியானால் முகத்தைச் சிரிக்க வைத்துப் புண்ணியமில்லை. உண்மையிலேயே ஏமாறாமல் இருக்க வேண்டும். அருகில் ஓடி வருகிற ஓர் உயிர் நாம் நினைத்ததைச் செய்யாதபோது, அந்த நொடியிலேயே, உள்ளுக்குள் ஒரு கசப்பும் ஊறாமல் இருக்க வேண்டும். பெற்ற பிள்ளையிடம், பள்ளியில் மாணவனிடம், உடன் வேலை செய்பவரிடம் யாருக்காவது இது கைகூடியிருக்கிறதா என்று யோசிக்கிறேன். ஒருசில ஹேண்ட்லர்களிடம் அதைப் பார்த்ததாகவும் தோன்றுகிறது. அவர்கள் அதிகம் ஜெயிப்பவர்கள் என்று சொல்ல மாட்டேன்.

செவலை போட்டிக்குப் போக வேண்டுமா என்பதில் மாஸ்டருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. உலக அமைப்பான எஃப்சிஐ 1996 முதல் நடத்திவரும் அஜிலிட்டி சாம்பியன்ஷிப்பில் வம்சாவளிச் சான்றுள்ள நாய்களுக்குத்தான் இடம். 2011இல் தொடங்கிய வேர்ல்ட் அஜிலிட்டி ஓபன் எந்த நாயையும் சேர்த்துக்கொள்கிறது. பிரிட்டனில் கலப்பு நாய்கள் எப்போதிருந்தோ ஓடுகின்றன. ஆகவே அது வம்சம் பற்றிய கேள்வி இல்லை. இந்த ஊரில் அதற்கென்று மைதானம் கிடைப்பதும் கடினம். பூங்காக்களில் நாய்க்கு இடமில்லை, அல்லது கயிறும் வாய்மூடியும் போட்டே வர வேண்டும். ஏப்ரல் வந்தால் காலை ஏழு மணிக்கே டாக் வாக்கின் பலகையில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாயை ஏற்ற வேண்டும், பாதம் சுட்டுவிடும். இதையெல்லாம் சமாளிக்கலாம். என் தயக்கம் கடிகாரத்தின் மேல். நேரம் ஓடுகிறது என்று தெரிந்ததும் மனித உடம்பு மாறிவிடுகிறது: கை வெட்டி வெட்டி அசைகிறது, குரல் ஏறுகிறது, ஓடிக்கொண்டே முன்னால் வளைகிறோம். செவலை எந்த உடலைக் கண்டு பத்தடி விலகியதோ ஏறக்குறைய அந்த உடலாகவே ஆகிவிடுகிறோம். அதற்குக் கம்புகள் பிடித்திருக்கின்றன, டனல் பிடித்திருக்கிறது. அது ஓடட்டும், ஸ்டாப் வாட்சை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். மாஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. டனலின் இருபுறமும் அண்டை கொடுத்திருந்த மணல் மூட்டைகளை நகர்த்தி வைத்துவிட்டு வந்தார். “அந்தப் பொண்ணு நிதானமா இருக்கறப்ப அதுக்கு பயமே இல்ல சார். அத நா சொல்லித் தர வேண்டியதில்ல. அவசரத்துல கத்துவா, குனிவா, கைய வீசுவா, அப்பவும் அடிக்க மாட்டான்னு அதுக்குத் தெரியணும். அதுக்குத்தான் டைம் வெக்கறேன்” என்றார். நிதானத்தில் பிறந்த நம்பிக்கை அவசரத்தில் நிற்காது என்பது அவர் வாதம். ரோட்டில் ஒரு லாரி வரும்போது அவள் பதறிக் கத்தத்தான் செய்வாள், அந்தக் கத்தலைக் கேட்டு நாய் அவளை நோக்கி வருமா அவளிடமிருந்து விலகி ஓடுமா என்று என்னைக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும், பயத்தைப் போக்க அதே பயத்தைச் சின்னச் சின்ன அளவில் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் யாருடைய அனுமதி இருக்கிறது என்ற கேள்வியை நான் விடவில்லை. “அது வரலன்னா நானும் விட்டுருவேன்” என்கிறார். வருவது விருப்பத்தாலா, வராவிட்டால் என்ன ஆகுமோ என்பதாலா என்று வாலை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியும் என்று அவர் நம்புகிறார். எனக்கு இன்னும் அந்த நம்பிக்கை வரவில்லை.